எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் செய்துகொள்ளப் போகிறவர்களுக்கு: சீட்டு கைக்கு வந்த நாள் முதல் முடிவு வரும் நாள் வரை

வழக்கமான வயிற்று ஸ்கேன் என்று எண்ணிக்கொண்டு, காலையில் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, சிறுநீரை அடக்கியபடி எண்டோஸ்கோபிப் பிரிவின் வாசலில் வந்து நிற்பவர்களைச் சேலத்தில் நான் அடிக்கடி பார்க்கிறேன். ஓமலூரிலிருந்தோ ஆத்தூரிலிருந்தோ விடியற்காலைப் பேருந்தில் கிளம்பி வந்தவர்களிடம், இன்று செய்ய முடியாது, வேறொரு நாள் வாருங்கள் என்று சொல்ல வேண்டியிருப்பது மிகவும் வேதனையான காரியம். குழாயைச் செலுத்துவதும் படத்தைப் படிப்பதும் மருத்துவரின் வேலை. ஆனால் அந்த வேலை தடையின்றி நடக்குமா என்பது, அதற்கு முந்தைய பத்து நாட்களில் நோயாளியும் குடும்பத்தாரும் எதை எந்த வரிசையில் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது.

எண்டோஸ்கோபிப் பிரிவில் நோயாளிகளைத் தயார்செய்யும் பணியில் இருப்பவள் என்ற முறையில், அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன். உங்கள் மருத்துவமனை தரும் அறிவுரை இதிலிருந்து வேறுபட்டால் அவர்கள் சொல்வதையே பின்பற்றுங்கள், ஏனெனில் உங்கள் உடல்நிலையை நேரில் பார்த்தவர்கள் அவர்களே.

1. எதற்காக எழுதப்பட்டது என்பதை முதல் நாளே கேளுங்கள்

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி அமைந்திருக்கிறது. வயிற்றின் மேல் கருவியை வைத்து எடுக்கும் ஸ்கேனில், இரைப்பையிலும் குடலிலும் உள்ள காற்று ஒலியலைகளைத் தடுத்துவிடுவதால், கணையமும் பித்தநாளத்தின் கீழ்ப்பகுதியும் பல நேரங்களில் தெளிவாகத் தெரிவதில்லை. எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்டில், நுனியில் சிறிய அல்ட்ராசவுண்ட் கருவி பொருத்திய குழாயை வாய் வழியாக இரைப்பைக்கும் சிறுகுடலின் தொடக்கப் பகுதிக்கும் கொண்டுசென்று, அங்கிருந்தே பார்க்கிறார்கள். கணையத்துக்கும் கருவிக்கும் இடையே இரைப்பைச் சுவர் மட்டுமே இருப்பதால், சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டியும் தென்படுகிறது. பித்தநாளத்தைக் காட்டும் எம்.ஆர்.ஐ. வகையான எம்.ஆர்.சி.பி. ஸ்கேனில் தப்பிவிடக்கூடிய, 5 மில்லிமீட்டருக்கும் குறைவான பித்தநாளக் கற்கள் இதில் அகப்படுவதும் இதனால்தான்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை மூன்று. இது பார்ப்பதற்கு மட்டுமா, அல்லது ஊசி மூலம் சதை மாதிரியும் எடுக்கப் போகிறார்களா? வாய் வழியாகவா, ஆசனவாய் வழியாகவா? கல் இருப்பது தெரிந்தால் அதே மயக்கத்தில் ஈ.ஆர்.சி.பி. (பித்தநாளத்துக்குள் குழாய் வழியாகக் கருவியைச் செலுத்தும் முறை) செய்து அதை எடுத்துவிடுவார்களா, அல்லது இன்னொரு நாள் வர வேண்டுமா?

இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். எந்த மாத்திரையை நிறுத்துவது, எவ்வளவு பணம் ஏற்பாடு செய்வது, அன்றே வீடு திரும்பலாமா என்பவை எல்லாம் இவற்றைப் பொறுத்தே அமைகின்றன. ஊசி போட நேரலாம் என்று மருத்துவர் சொன்னால், நிச்சயம் போடுவார்கள் என்று வைத்துக்கொண்டே தயாராகுங்கள். அப்படித் தயாராகாதவருக்கு ஊசி தேவைப்பட்டால், இதே பரிசோதனைக்கு இரண்டாம் முறை மயக்கம் கொடுக்க வேண்டிவரும்.

எண்டோஸ்கோபி வேறு, எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் வேறு என்பதையும் முன்பதிவின்போது தெளிவாகச் சொல்லுங்கள். முதலாவது உணவுக்குழாய், இரைப்பை ஆகியவற்றின் உள்தோலை மட்டும் காட்டும். இரண்டாவதற்கு வேறு குழாயும், அதில் தனிப்பயிற்சி பெற்ற மருத்துவரும் தேவை. எண்டோஸ்கோபி செய்யும் எல்லா மருத்துவமனைகளிலும் இது இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

2. மருந்துகளின் பட்டியலைப் பத்து நாட்களுக்கு முன்பே எழுதுங்கள்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மருந்துக்கடையில் பத்து மாத்திரை அட்டையை வெட்டி, நான்கும் ஐந்துமாகத் தருவது நம் ஊர் வழக்கம். மாத்திரையின் பெயர் அச்சிட்ட பகுதி கடையிலேயே தங்கிவிட, பெயரில்லாத துண்டு வீட்டுக்கு வந்துசேரும். அப்படிப்பட்ட துண்டுகளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து, இது பிரஷருக்கு, இது காலையில் போடுவது, இந்தச் சின்ன வெள்ளை மாத்திரை எதற்கென்று தெரியவில்லை என்று பெரியவர்கள் சொல்லும்போது, அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை ரத்தம் உறையாமல் தடுப்பதாக இருந்துவிட்டால் பரிசோதனையைத் தள்ளிவைப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை. ஆகையால் முன்பதிவு செய்த அன்றே உங்கள் மருந்துக்கடைக்குச் சென்று, ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் அளவையும் கடைக்காரரையே எழுதித் தரச் சொல்லுங்கள். நாட்டு மருந்து, சித்த மருந்துச் சூரணம், மூட்டுவலிக்கு நீங்களாகவே வாங்கிப் போடும் மாத்திரை ஆகியவையும் அதில் இருக்கட்டும்.

ரத்தம் உறைவதைக் குறைக்கும் மருந்துகளை முதலில் பாருங்கள். குறைந்த அளவு ஆஸ்பிரினைப் பொதுவாக நிறுத்தச் சொல்வதில்லை. குளோபிடோக்ரெல் மாத்திரையை, ஊசி போடுவதாக இருந்தால், 5 முதல் 7 நாட்களுக்கு முன்பு நிறுத்தச் சொல்வது வழக்கம். அதன் விளைவு ரத்தத்தின் தட்டணுக்களில் அத்தனை நாள் தங்கிவிடுவதே காரணம். வார்ஃபரின், அசிட்ரோம் போன்றவற்றைச் சில நாட்கள் முன்பே நிறுத்தி, பரிசோதனைக்கு முன், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள். ரிவராக்ஸபான், அபிக்ஸபான், டாபிகாட்ரான் ஆகியவற்றுக்கு இடைவெளி குறைவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் அது நீளும்.

இவற்றில் எதையும் நீங்களாகவே நிறுத்தக் கூடாது என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஓராண்டு ஆகாதவரும், செயற்கை வால்வு உள்ளவரும், பக்கத்து வீட்டுக்காரர் நிறுத்தினார் என்பதற்காகத் தாமும் நிறுத்தினால், பரிசோதனையால் வரக்கூடிய ரத்தக்கசிவைவிட மாரடைப்பும் பக்கவாதமும் பல மடங்கு பெரிய ஆபத்தாகிவிடும். இதய மருத்துவரிடம் சென்று, எந்தத் தேதியில் நிறுத்துவது, எந்தத் தேதியில் மீண்டும் தொடங்குவது என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். நிறுத்தும் தேதியை எல்லோரும் கேட்கிறார்கள். தொடங்கும் தேதியைக் கேட்க மறந்து, வாரக்கணக்கில் மாத்திரை இல்லாமல் இருந்துவிடுபவர்களும் உண்டு.

அடுத்தது சர்க்கரை மருந்துகள். உணவில்லாத காலையில் சர்க்கரை மாத்திரையையோ முழு அளவு இன்சுலினையோ எடுத்துக்கொண்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். எனவே அன்று காலைக்குரிய அளவை உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் முன்பே கேட்டு வையுங்கள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் இப்போது பலரின் சீட்டில் இருக்கின்றன. பட்டினியாக இருக்கும் வேளையில், ரத்தச் சர்க்கரை சரியாக இருக்கும்போதே, உடலில் அமிலம் கூடிவிடும் நிலையை இவை உண்டாக்கக்கூடும். அதனால் 3 நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். உடல் எடைக்கோ சர்க்கரைக்கோ வாரம் ஒருமுறை செமாகுளூடைட் ஊசி போடுபவர்கள் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அது இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்துவதால், எட்டு மணி நேரம் பட்டினி இருந்தவரின் வயிற்றிலும் உணவு தங்கியிருக்கக்கூடும்.

ரத்த அழுத்தம், வலிப்பு, தைராய்டு ஆகியவற்றுக்கான மாத்திரைகளை அன்று அதிகாலையில் ஒரு வாய் தண்ணீருடன் போட்டுக்கொள்ளவே பெரும்பாலும் சொல்வார்கள். பட்டினி என்று எண்ணிப் பிரஷர் மாத்திரையையும் விட்டுவிட்டு, அழுத்தம் எகிறிய நிலையில் வந்து சேர்வது பலர் செய்யும் தவறு. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை, ரோஸ் நிறத் திரவ மருந்தை மட்டும் அன்று தவிர்த்துவிடுங்கள், அது இரைப்பையின் உள்தோலில் படிந்து பார்வையை மறைக்கும்.

3. மறைக்கக் கூடாதவை

மது அருந்தும் பழக்கத்தைக் குடும்பத்தார் முன்னிலையில் சொல்லப் பலரும் தயங்குகிறார்கள். தயக்கம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் தினமும் குடிப்பவருக்கு மயக்க மருந்தின் அளவு மாறும், திடீரென நிறுத்தியவருக்கு நடுக்கமும் குழப்பமும் வரும். மயக்கவியல் மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள், அவர் ஏற்பாடு செய்து தருவார்.

தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருதல், ஆஸ்துமா, ஆடும் பல், முன்பு எந்த மருந்துக்காவது ஒவ்வாமை ஏற்பட்டது, கருவுற்றிருக்கும் வாய்ப்பு ஆகியவற்றையும் சொல்லுங்கள். இரைப்பையில் முன்பு அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அதன் சம்மரியைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். குடலின் பாதை மாற்றித் தைக்கப்பட்டவர்களுக்குக் கணையத்தின் தலைப்பகுதி வரை குழாய் எட்டாமல் போகலாம் என்பதால், அதை மருத்துவர் முன்பே அறிந்திருக்க வேண்டும். நேற்றுச் சாப்பிட்டதே இன்று வாந்தியில் வருகிறது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு ஓர் இரவுப் பட்டினி போதாது. ஓரிரு நாட்கள் திரவ உணவு மட்டும் கொடுக்க நேரலாம்.

4. பழைய படங்களும் ரத்தப் பரிசோதனையும்

சி.டி., எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் அறிக்கைத்தாள் மட்டும் போதாது. ஃபிலிமும், இருந்தால் குறுந்தகடும் வேண்டும். கட்டி கணையத்தின் எந்தப் பகுதியில், எந்த ரத்தக்குழாயை ஒட்டி இருக்கிறது என்பதை மருத்துவர் தம் கண்ணால் பார்த்துவிட்டுப் போனால்தான், உள்ளே தேடும் நேரம் குறையும். தாள்களைத் தேதி வரிசையில் அடுக்கி, புதியது மேலே இருக்குமாறு ஒரே பையில் வையுங்கள்.

ரத்த அணுக்களின் எண்ணிக்கை, உறையும் நேரம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், மஞ்சள் காமாலைக் கிருமிகள், எச்.ஐ.வி. ஆகிய பரிசோதனைகளும், வயதானவர்களுக்கு ஈ.சி.ஜி.யும் கேட்பார்கள். இவற்றை அதே நாள் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்காதீர்கள். தட்டணு குறைவாக இருப்பது அப்போதுதான் தெரிந்தால், சரிசெய்ய அவகாசம் இராது.

5. செலவும் காப்பீடும்

வெறும் பார்வைக்கான கட்டணம், ஊசிக்கான கட்டணம், மயக்க மருந்து, சதை மாதிரிப் பரிசோதனை ஆகிய நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஊசி ஒருமுறை மட்டுமே பயன்படுத்தக்கூடியது, விலையும் அதிகம். முதலில் சொன்ன தொகைக்கும் கடைசி பில்லுக்கும் இடையே வரும் வேறுபாடு பெரும்பாலும் இதனாலேயே.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள், அந்த மருத்துவமனை திட்டத்தில் உள்ளதா, இந்தப் பரிசோதனைக்கு முன் அனுமதி கிடைக்குமா என்று காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். தனியார் காப்பீடு உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பரிசோதனைக்காக மட்டுமே மருத்துவமனையில் சேர்ந்தால் பணம் தருவதில்லை என்ற விலக்கு நம் நாட்டுப் பாலிசிகளில் பொதுவாக இருக்கிறது. எந்த நோய்க்கான சிகிச்சையின் பகுதியாக இது செய்யப்படுகிறது என்று மருத்துவர் குறிப்பில் எழுதியிருக்கிறாரா என்று பார்த்து, அனுமதியை எழுத்தில் பெற்றபின் தேதியை உறுதிசெய்யுங்கள்.

6. உடன் வருபவரும் திரும்பும் வழியும்

18 வயது நிறைந்த, பொறுப்பான ஒருவர் கட்டாயம் உடன் வர வேண்டும். வாசலில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுபவராக இல்லாமல், கடைசிவரை இருப்பவராக அவர் இருக்க வேண்டும். மயக்கம் தெளிந்து எழுந்தவர் நன்றாகவே பேசுவார், ஆனால் அப்போது மருத்துவர் சொல்வது எதுவும் பிறகு அவருக்கு நினைவில் இராது. கேட்டு நினைவில் வைப்பதற்கு ஒருவர் வேண்டும் என்பதே உடனிருப்பவரைக் கட்டாயமாக்குவதற்குப் பாதிக் காரணம்.

அடுத்த 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, இயந்திரங்களில் வேலை செய்யக் கூடாது, பத்திரங்களில் கையெழுத்திடக் கூடாது. இரும்பாலைப் பணியாளர்களும், விசைத்தறி ஓட்டுபவர்களும், வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் நெருப்புடன் வேலை செய்பவர்களும் மறுநாளும் விடுப்பு எடுத்துக்கொள்வது நல்லது.

ஏற்காட்டிலிருந்து வருபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மலையில் இருப்பவர்கள் அன்று மாலையே திரும்பிவிட நினைப்பது இயல்பு. ஆனால் மயக்க மருந்து முழுதாகக் கழியாத உடலோடு, அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது குமட்டலும் வாந்தியும் எளிதில் வந்துவிடும். அது மலைப்பாதையால் வந்த வாந்தியா, பரிசோதனையால் வந்த சிக்கலின் அறிகுறியா என்று அப்போது பிரித்தறிவது கடினம். மேலும் நள்ளிரவில் வயிற்றுவலி கூடினால், நாகலூரிலிருந்தோ மஞ்சக்குட்டையிலிருந்தோ கீழே வந்துசேர அதிக நேரமாகும், மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்தால் குப்பனூர் வழியாகச் சுற்றி வர வேண்டும். ஊசி போட்டிருந்தால் அன்றிரவு சேலத்திலேயே உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கிவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. பார்வை மட்டும் என்றால், காலையிலேயே முடிந்து, உடலும் தெளிந்திருந்தால், காரில் முன் இருக்கையில் அமர்ந்து மெதுவாகச் செல்லலாம். பேருந்து வேண்டாம்.

7. முந்தைய இரவும் வெறும் வயிறும்

இரவு உணவு இட்லி, இடியாப்பம், ரசம் சாதம் போல எளிதில் செரிப்பதாக, எட்டு மணிக்குள் முடியட்டும். பரோட்டா, பிரியாணி, எண்ணெய்ப் பலகாரங்கள் இரைப்பையில் நெடுநேரம் தங்கும். திட உணவுக்கும் பரிசோதனைக்கும் இடையே 6 முதல் 8 மணி நேரம் இருக்க வேண்டும். பாலும் இந்தக் கணக்கில் திட உணவுதான். வெறும் தண்ணீருக்கு 2 மணி நேர இடைவெளி போதும் என்பது மயக்கவியலின் பொது விதி. எனினும் சில மருத்துவமனைகள் 4 மணி நேரம் கேட்கும், அப்படியானால் அதுவே உங்களுக்கு விதி.

இதன் காரணத்தை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மயக்கத்தில் இருமல் அனிச்சை மங்கிவிடுவதால், இரைப்பையில் உள்ளது மேலேறி வந்தால் நேராக நுரையீரலுக்குள் போய்விடும். உயிருக்கே ஆபத்தான நிமோனியா அதனால் வரக்கூடும். "ஒரு டம்ளர் காபிதானே, பாவம், வயசானவர்" என்று அன்பினால் கொடுப்பதை, கொடுத்தவரும் குடித்தவரும் எங்களிடம் சொல்லாமல் விடுவதுதான் இந்தப் பரிசோதனையிலேயே மிகப் பெரிய அபாயம். தவறிக் குடித்துவிட்டால் நேரத்தோடு சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம், நேரத்தைத் தள்ளிப் போடுவோம், அவ்வளவுதான்.

பால் சேர்க்காத வரக்காப்பி தெளிந்த திரவக் கணக்கில் வரும் என்றாலும், காப்பித் தோட்டங்களிலிருந்து வருபவர்கள் அதையும் தவிர்ப்பது நல்லது என்பேன், ஏனெனில் வீட்டுப் பழக்கத்தில் அதில் ஒரு கரண்டிப் பால் சேர்ந்துவிடுகிறது. சாதாரணத் தண்ணீர் மட்டும் என்று வைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை. வெற்றிலை, புகையிலை, பீடி, சூயிங்கம் ஆகியவையும் வேண்டாம், அவை உமிழ்நீரையும் இரைப்பை நீரையும் கூட்டுகின்றன. பல் துலக்கலாம்.

ஆசனவாய் வழியாகச் செய்வதாக இருந்தால், மலக்குடலைச் சுத்தம் செய்ய எனிமா கொடுப்பார்கள் அல்லது பேதி மருந்தைக் குடிக்கச் சொல்வார்கள். அந்த மருந்தை எந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீருடன் குடிப்பது என்பதை மருத்துவமனைச் சீட்டின்படியே செய்யுங்கள்.

8. பரிசோதனை நாள் காலை

தளர்வான பருத்தி உடையும், எளிதில் கழற்றக்கூடிய காலணியும் போதும். நகைகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தாலியைக் கழற்ற வேண்டுமோ என்று பெண்கள் கவலைப்படுவதுண்டு. வாய் வழியாகப் பார்க்கும் பரிசோதனைக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது, மின்கருவி பயன்படுத்துவதாக இருந்தால் மட்டும் செவிலியர் சொல்வார். அடர்ந்த நகப்பூச்சும் கருமையாகப் பிடித்த மருதாணியும், விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுமானியின் வாசிப்பைக் குழப்பக்கூடும் என்பதால், ஒரு விரலையாவது வெறுமையாக விட்டு வாருங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் அதைப் படியுங்கள் அல்லது படித்துக் காட்டச் சொல்லுங்கள். படிவத்தில் உள்ள அபாயங்களைக் கண்டு பயந்து எழுந்து போனவர்கள் உண்டு, ஆகவே அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். குழாயால் துளை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது. கணையத்தில் ஊசி போட்டபின் கணைய அழற்சி வருவது நூறு பேரில் இருவருக்கு மேற்படுவதில்லை. ரத்தக்கசிவும் கிருமித்தொற்றும் அரிது. நீர்க்கட்டியில் ஊசி போட்டால் தொற்றைத் தடுக்க ஆன்டிபயாடிக் கொடுப்பது வழக்கம்.

9. அறைக்குள் நடப்பது

பொய்ப்பல்லை எடுத்து உடனிருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். தொண்டையில் தெளிக்கும் மரப்பு மருந்து கசக்கும். தெளித்த சில நொடிகளில் தொண்டை வீங்கியதுபோலவும், எச்சிலை விழுங்க முடியாததுபோலவும் தோன்றும். பலரும் இந்த இடத்தில்தான் பதறுகிறார்கள். உணர்வு மட்டுமே போயிருக்கிறது, வீக்கம் எதுவும் இல்லை, மூச்சு வழக்கம்போலவே வரும்.

இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, நடுவே துளையுள்ள பிளாஸ்டிக் வாய்க்கவசத்தைப் பற்களுக்கிடையே வைத்து, பட்டையால் தலைக்குப் பின் மாட்டுவார்கள். அது நீங்கள் குழாயைக் கடித்துவிடாமலும், உங்கள் பல் உடையாமலும் இருப்பதற்காக. மூக்கில் ஆக்சிஜன், மார்பில் ஈ.சி.ஜி. பட்டைகள், கையில் ரத்த அழுத்தப் பட்டை ஆகியவற்றுக்குப் பிறகு ரத்தநாளம் வழியாக மயக்க மருந்து ஏறும். மருந்து ஏறும்போது கையில் எரிச்சல் தோன்றலாம், சில நொடிகளில் தூங்கிவிடுவீர்கள்.

இந்தக் குழாயின் நுனி சாதாரண எண்டோஸ்கோபிக் குழாயைவிடப் பருமனானது, சுமார் 12 முதல் 14 மில்லிமீட்டர். பரிசோதனையும் நீண்டது, 20 முதல் 40 நிமிடங்கள் ஆகும். ஊசி போட்டால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். "எண்டோஸ்கோபியை மயக்கமில்லாமலே செய்துகொண்டேன், இதையும் அப்படியே செய்துவிடுங்கள்" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் காரணம் இதுதான்: கணையத்தின் ஓரிடத்தில் நுனியை அசையாமல் நிறுத்த வேண்டிய நேரத்தில் ஒரு குமட்டல் வந்தாலும் படம் நழுவிவிடும்.

ஊசி மாதிரி எடுக்கும்போது, மெல்லிய ஊசி குழாயின் வழியே சென்று, இரைப்பை அல்லது குடலின் சுவரைத் துளைத்துக் கட்டிக்குள் நுழைவது திரையில் ஒரு வெண்கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்தபடியே மருத்துவர் ஊசியைக் கட்டிக்குள் பலமுறை முன்னும் பின்னுமாக நகர்த்தி, இடையே ரத்தக்குழாய் இல்லையென்று உறுதிசெய்துகொண்டு, போதிய மாதிரி கிடைக்கும்வரை இரண்டு மூன்று முறை உள்ளே செலுத்துவார். வெளியே காத்திருப்பவர்கள், நேரமாகிறதே, ஏதோ ஆகிவிட்டதோ என்று கலங்க வேண்டாம். மாதிரி போதுமா என்று பார்ப்பதற்கும் அந்த நேரம் செலவாகிறது.

10. விழித்த பின்னும் வீட்டிலும்

ஒன்று முதல் இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் இருப்பீர்கள். தொண்டை மரப்பு நீங்கும்வரை எதுவும் உட்கொள்ளக் கூடாது. முதலில் இரண்டு மிடறு தண்ணீர். புரையேறாமல் இறங்கினால் அதன்பின் இளஞ்சூடான கஞ்சியோ இட்லியோ சாப்பிடலாம். ஊசி போட்டவர்களுக்கு மருத்துவர் வேறு நேரம் சொல்வார். நீண்ட பட்டினிக்குப் பின் தட்டுவடை செட்டைத் தேடிப் போகிறவர்கள் சேலத்தில் இருக்கிறார்கள், குழாய் உரசிய தொண்டைக்கு மொறுமொறுப்பும் காரமும் ஒரு நாள் கழித்தே ஆகும்.

தொண்டை வலி ஓரிரு நாளும், வயிற்று உப்புசம் சில மணி நேரமும் இருக்கலாம். வாய்வு பிரிந்தால் உப்புசம் அடங்கும், அறைக்குள்ளேயே மெதுவாக நடப்பது உதவும். இவற்றுக்குக் கவலை வேண்டாம்.

கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, முதுகுக்குப் பாயும் வலி, குளிருடன் காய்ச்சல், ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கழுத்தில் வீங்கி அழுத்தினால் நறநறவென்று உணரப்படுதல் ஆகிய எதுவாக இருந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. பரிசோதனை செய்த மருத்துவமனைக்கு உடனே தொலைபேசியில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள், வண்டி இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மலம் வழக்கமாகவே கறுப்பாக இருக்கும் என்பதையும் மருத்துவரிடம் சேர்த்துச் சொல்லுங்கள். வலிக்கு வீட்டில் இருக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பொறுத்திருப்பது வேண்டாம். கணைய அழற்சியோ துளையோ இருந்தால், முதல் சில மணி நேரத்தில் தொடங்கும் சிகிச்சைதான் அதிகப் பலன் தரும்.

11. முடிவை வாங்குவதும் வைத்திருப்பதும்

பார்வை அறிக்கை அன்றே கிடைக்கும். அதைக் கொடுக்கும்போது உடனிருப்பவர் மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை: என்ன தெரிந்தது, ஊசி போட்டார்களா, எந்த மாத்திரையை எப்போது மீண்டும் தொடங்குவது, அடுத்து எந்தத் தேதியில் யாரைப் பார்ப்பது.

சதை மாதிரியின் முடிவு வரப் பொதுவாகச் சில நாட்கள் முதல் ஒரு வாரம் ஆகும், கூடுதல் சாயப் பரிசோதனை தேவைப்பட்டால் இன்னும் தள்ளிப் போகும். தாமதமாவதாலேயே அது கெட்ட செய்தி என்று பொருளில்லை. மாதிரி போதவில்லை என்று அறிக்கை வந்தால், நோய் இல்லை என்று எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். கட்டியில் எடுத்த துணுக்கில் சோதித்து முடிவு சொல்லப் போதிய செல்கள் அகப்படவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். சந்தேகம் தொடர்ந்தால் மருத்துவர் மீண்டும் ஊசி போடச் சொல்லலாம். இந்த ஓர் இடத்தில் மாதக்கணக்கில் காலம் கடத்தியவர்களைப் பார்த்திருப்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

வேறு ஊரில் இரண்டாம் கருத்துக் கேட்க விரும்பினால் அறிக்கைத்தாள் மட்டும் உதவாது. கண்ணாடி ஸ்லைடுகளையும், மெழுகில் பதித்த திசுக்கட்டையையும் ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்டுப் பெறலாம். அவற்றை ஸ்லைடுப் பெட்டியில் வைத்து, சேலத்து வெயிலில் நிறுத்திய காருக்குள் விடாமல், கைப்பையிலேயே கொண்டுசெல்லுங்கள், வெப்பத்தில் மெழுகு இளகினால் அந்த மாதிரி கெட்டுப்போகலாம். பார்த்து முடித்ததும் திசுக்கட்டையைத் திரும்ப வாங்கி வந்து, எடுத்த ஆய்வகத்திலேயே ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.